பூச்சியம் போட்ட ஒப்படை

பதுளை
நவம்பர் 11

அன்பின் ஜுமானா,

என்னை இந்த வேலைக்கு எடுக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "முகம் தெரியாது, பேர் தெரியாது, வெறும் இலக்கம்தான் இருக்கும். அப்படி ஒரு ஆளுக்கு எப்படி டீச்சர் புள்ளி போடுவீங்க?" நான் சிரித்துக்கொண்டே, "குரல் இருக்கே மகள், அது போதும்" என்றேன். போதாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். காலையில் போனில் பேசினபோது இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. எழுதினால் கடைசி வரை வாசிப்பீர்கள்.

முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவில், நான் பார்க்கும் மொழித்திறன் பிரிவில், 4417 என்று ஒரு மாணவி. முப்பது வயதிருக்கும். பேசும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை இருமும். கூரைத் தகரத்தில் மழை விழும். தோட்டத்து லயத்து வரிசையில் ஒரு காம்பரா வீட்டில் இருக்கிறாள் என்பது பேச்சிலேயே தெரியும். எந்தத் தோட்டம் என்று தெரியாது.

ஒக்டோபரில் "என் வீட்டுச் சூழல்" என்று இரண்டு நிமிடப் பேச்சு ஒப்படை கொடுத்தோமே, அதில் இப்படிச் சொன்னாள்: "எங்க காம்பராக் கதவு முன்ன நல்லா சாத்தும். இப்ப சாத்த முடியல. வீட்டுக்காரரு ரெண்டு தடவ சீவிட்டாரு. அப்பயும் மாட்டிக்குது. லயத்துக்குப் பின்னால பீலித் தண்ணி பால்தேத்தண்ணி மாதிரி வருது." நான் இருபதுக்குப் பதினொன்று போட்டேன். கதவும் ஊற்றுப் பீலியும் தலைப்புக்குத் தேவையில்லை என்று எழுதினேன்.

அடுத்தது எழுத்து ஒப்படை, "நான் அவதானித்த ஒரு மாற்றம்". அதில் எழுதியிருந்தாள்: "எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் தரை வெடித்திருக்கிறது. முதலில் நூல் மாதிரி இருந்தது. இப்போது என் மகன் அதற்குள் கூழாங்கல் போட்டு, விழும் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்க்கிறான். வாசலில் நின்ற கரண்ட் போஸ்ட் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது." அழகான எழுத்து. "சிறந்த அவதானம்" என்று எழுதிப் பதினேழு போட்டேன்.

நேற்றுக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு வானொலி கேட்டேன். மண்சரிவுக்கு முன் என்னென்ன நடக்கும் என்று ஒருவர் சொன்னார். கதவு, ஜன்னல் இறுகும். ஊற்று நீர் கலங்கும். தரை வெடிக்கும். மரமும் கம்பமும் சாயும். எனக்குக் கத்தி கையிலிருந்து விழுந்தது. அவர் சொன்ன நாலுக்கும் நான் ஏற்கனவே புள்ளி போட்டிருக்கிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை கொப்பியில் "எனக்குக் காச்சல்" என்று எழுதித் தருகிறது. டீச்சர் "காய்ச்சல்" என்று திருத்திவிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறார். நான் செய்தது அதுதான்.

4417இன் பெயரும் இடமும் வேண்டும். இங்கே மழை விடவில்லை.

அன்புடன்,
நேசராணி டீச்சர்


கொழும்பு
நவம்பர் 12

மதிப்புக்குரிய நேசராணி டீச்சருக்கு,

ஸலாம். காலையில் குரலை உயர்த்தியதற்கு மன்னியுங்கள்.

மாணவர் விபரம் தர முடியாது. இதை நான் அலுவலகத்தின் பேச்சாகச் சொல்லவில்லை. போன வருடம் ஒரு மதிப்பீட்டாளர் ஒரு மாணவியின் நம்பரை எடுத்து, குரல் நன்றாக இருக்கிறது, குரல் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் அழைத்தார். அந்தப் பிள்ளை படிப்பையே விட்டுவிட்டாள். அவளுடைய உம்மா என்னிடம் வந்து அழுதார். அதற்குப் பிறகுதான் பெயர்களை மறைத்தோம். அந்த விதியை எழுதியவள் நான். யார் கேட்டாலும் காரணம் நல்லதாகத்தான் இருக்கும், டீச்சர். அவரும் நல்ல காரணம்தான் சொன்னார்.

இன்னொன்று. 4417 குறைந்த புள்ளி வந்த பேச்சு ஒப்படையை மீண்டும் செய்து அனுப்பியிருக்கிறார். ஏழாம் திகதி நீங்களே பதினெட்டுப் போட்டிருக்கிறீர்கள். அதில் அவர் சொல்வது: "எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை மலை. பின்னால் தெளிந்த நீர் சலசலத்து ஓடுகிறது." கதவு திறக்கிறது. தண்ணீர் தெளிந்திருக்கிறது. அப்படியென்றால் ஒக்டோபரில் இருந்த பிரச்சினை தீர்ந்திருக்கலாம் அல்லவா?

மழை எல்லா இடத்திலும் பெய்கிறது. என் உம்மாவும் வெலிமடையில் தனியாகத்தான் இருக்கிறார்.

உங்களிடம் நிறைய ஒப்படைகள் தேங்கியிருப்பதாக எங்கள் பணிப்பாளர் ஸனூஸ் சேர் கேட்கச் சொன்னார். இந்த நேரத்தில் அதைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

ஜுமானா


பதுளை
நவம்பர் 13

ஜுமானா,

நீங்கள் எடுத்துக் காட்டிய வசனம் அவளுடையது இல்லை. என்னுடையது.

பச்சைக் கம்பளம் நான். சலசலப்பும் நான். பதினொன்று போட்டபோது கீழே ஒரு மாதிரிப் பந்தி எழுதிக் கொடுத்தேன். உதாரணம் கொடுக்காமல் எனக்குப் படிப்பிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதை அவள் எழுத்துப் பிசகாமல் பாடமாக்கிச் சொல்லியிருக்கிறாள். நான் என்னுடைய தமிழையே கேட்டு, ஆஹா என்று பதினெட்டுப் போட்டிருக்கிறேன்.

நேற்று அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "தெளிந்த நீர்" என்று அவள் சொல்லும் இடத்தில் பின்னால் ஒரு ஆண் குரல்: "யாருக்குடி இந்தப் பொய்யி? தண்ணி வடிகட்டி வடிகட்டி என் வேட்டி போச்சு." அவள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்: "சும்மா இருங்க. மார்க்குக்கு." முதல் தடவையும் அது என் காதில் விழுந்தது. "பின்னணி இரைச்சல்" என்று எழுதி அரைப் புள்ளி வெட்டியிருக்கிறேன். போய்ப் பாருங்கள், இருக்கும்.

ஆகவே கதவு இன்னும் சாத்தவில்லை. தண்ணீர் இன்னும் கலங்கித்தான் வருகிறது. அதைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அதையே நீங்கள் சாட்சியாகக் காட்டுகிறீர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. மண்சரிவு அறிவிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்லவர், கதிரை போட்டுக் கொடுத்தார். "எந்தத் தோட்டம் டீச்சர்?" தெரியாது. "எந்தப் பிரிவு?" தெரியாது. "ஆள் பேர்?" இலக்கம் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார். "டீச்சர், ஊவா முழுக்க இப்ப கதவு மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு தோட்டத்துப் பேரச் சொல்லுங்க, இந்த நிமிசமே ஆள அனுப்புறேன்." பிழை அவரிடம் இல்லை.

பிறகு பக்கத்தில் உள்ள ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்களிடம், கதவு சாத்தாத லயம் எது என்று கேட்டேன். பெரியாயி என்று ஒரு அம்மா, தலையில் கொழுந்துக் கூடையோடு, "எங்க லயத்துல சாத்துற கதவு ஒன்னு காட்டுங்க, விழுந்து கும்புடுறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

உங்கள் விதி ஒரு பிள்ளையைக் காப்பாற்ற எழுதியது. அதே விதிக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை மலைக்கு அடியில் இருக்கிறாள். என் பெயரில் முறைப்பாடு எழுதுங்கள். வேலையை விட்டு எடுங்கள். இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

நேசராணி


கொழும்பு
நவம்பர் 14, காலை

டீச்சர்,

அரைப் புள்ளி வெட்டியதைப் பார்த்தேன். பிறகு பதிவைக் கேட்டேன். "மார்க்குக்கு" என்று அந்தப் பெண் சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டேன்.

ஸனூஸ் சேரிடம் போய் நின்றேன். "நாளைக்கு ஒண்ணும் நடக்கல்லன்னா, இத நாம யாருக்கு எப்படி விளங்கப்படுத்துறது?" என்றார். நான் திரும்பி வந்து அவருக்குத் தெரியாமல் விபரத்தைத் திறந்தேன்.

பெயர் தயானி. முகவரி ஹல்துமுல்லை டவுனில் ஒரு பலசரக்குக் கடை. அழைத்தேன். கடைக்காரர் ஒரு வயதான முஸ்லிம் மனிதர், பொறுமையாகப் பேசினார். "மகள், தோட்டத்துக்குக் கடிதம் போனா ஒபிஸ்லயே ஒரு மாசம் கிடக்கும். அதால கனபேர் ஏன்ட கடை அட்ரஸத்தான் குடுப்பாங்க. சாமான் வாங்க வரக்கொள்ள எடுத்துட்டுப் போவாங்க. தயானியா? மேல உள்ள தோட்டங்கள்ல தயானி எத்தினை பேரோ. எந்தத் தயானி?" தயானி எங்களுக்குக் கொடுத்திருக்கும் போன் நம்பர் பழைய சிம்முடையது. அது பாவனையில் இல்லை.

எங்கள் தளத்தின் அறிவித்தல் பெட்டிக்கு இரண்டு தடவை எழுதினேன். அதை யாரும் திறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். தயானியின் பெட்டியில் தொடக்கத்தில் இருந்தே ஒன்றும் வாசிக்கப்படவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் உள்ளே வருகிறார். இன்றும் வந்தார். புள்ளிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு உடனே போய்விடுகிறார். டேட்டாவை மிச்சம் பிடிக்கிறார் போல.

இப்போது நானும் விதியை உடைத்துவிட்டேன். பயன் ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன செய்வது, டீச்சர்? உண்மையாகவே கேட்கிறேன்.

ஜுமானா


பதுளை
நவம்பர் 14, மாலை

மகள்,

புள்ளிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறாள் என்று எழுதினீர்களே, அது போதும். பதினெட்டு வாங்கிய பிள்ளை டீச்சர் எழுதிய குறிப்பைத் திறக்காது. எந்த வகுப்பிலும் அப்படித்தான். புள்ளி குறைந்த பிள்ளைதான் ஏன் குறைந்தது என்று புரட்டிப் பார்க்கும்.

ஹல்துமுல்லை என்று அலுவலகத்துத் தம்பிக்குச் சொல்லிவிட்டேன். நாளைக்கு ஒவ்வொரு தோட்டமாகக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதற்குள் என்ன நடக்குமோ தெரியாது. அதனால் பதினெட்டை அழித்துவிட்டுப் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

எனக்குப் பூச்சியம் போட்டுப் பழக்கமில்லை. வெறும் பேரை எழுதித் தந்த பிள்ளைக்கும், பேரைச் சரியாக எழுதினாய் என்று ஒன்று போட்டு அனுப்புகிறவள் நான். கீழே எழுதியது இது:

"தயானி, இந்தப் பதிவு பொய். முதலில் நீங்கள் சொன்னதுதான் சரி. கதவு, பீலி, தரை வெடிப்பு, போஸ்ட் நாலும் மலை இறங்கப் போவதற்கு அடையாளம். இதை வாசித்த உடனே லயத்தில் உள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போங்கள். சாமான் எடுக்க நிற்க வேண்டாம். போன பிறகு தோட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு பதிவு அனுப்புங்கள். அதுதான் உங்கள் மீள் ஒப்படை."

இது அவளிடம் போகவில்லை. கொடுத்த புள்ளியைக் குறைத்தால் இணைப்பாளர் அனுமதி வேண்டும் என்று திரையில் சிவப்பாக எழுதிக் காட்டுகிறது. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத குறிப்பு என்றும் சொல்கிறது. இணைப்பாளர் நீங்கள்தானே, உங்கள் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்குமாமே. அதை அமத்துங்கள்.

பூச்சியம் விழுந்தால் இந்தப் பிரிவில் சித்தியில்லை, இந்த வருடம் மாற்றவும் முடியாது என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் எழுதட்டும். எழுதுவதற்கு இருக்கட்டும்.

நே.


கொழும்பு
நவம்பர் 14, மாலை

அமத்திவிட்டேன், டீச்சர். ஸனூஸ் சேருக்கு நானே மெயில் போட்டும் சொல்லிவிட்டேன், மறைக்கவில்லை. விடியற்காலையில் தயானி உள்ளே வரும் வரை ஒன்றும் தெரியாது. நான் துஆ கேட்கிறேன். நீங்களும் உங்கள் முறைப்படி ஜெபம் பண்ணுங்கள்.

ஜுமானா


வெலிமடை
நவம்பர் 18

அன்பின் டீச்சர்,

உம்மாவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். என்னை வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும் வரை என்று கடிதம். உங்கள் கணக்கையும் மூடிவிட்டார்கள், பார்த்திருப்பீர்கள். அதனால் உங்களுக்கு இந்தப் பதிவு வந்திருக்காது. என்னுடைய கணக்கை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். தயானி சொன்னது சொன்னபடியே:

"வணக்கம் டீச்சர். எங்க தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேல, கல்லுமலைப் பிரிவு. இப்ப நாங்க ஸ்கூல்ல இருக்கோம்.

காலையில பீலிக்குப் போகுமுந்தி மார்க்கப் பாத்தேன். பதினெட்டக் காணோம், முட்டை இருக்கு. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல டீச்சர். வாசல்ல ஒக்காந்து மாரடிச்சு அழுதுட்டேன். நம்ம லயத்துல அப்படி ஒரு சத்தம் கேட்டா எழவுதான். எல்லாக் காம்பராவுல இருந்தும் ஓடி வந்துட்டாங்க. யாரு போனது, யாரு போனதுன்னு கேக்குறாங்க. வீரய்யா மாமா தலையில துண்டக் கட்டிக்கிட்டு, 'ஓங்க அய்யாவாம்மா?'ன்னு கேட்டாரு. இல்ல மாமா, பெயிலுன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு வெக்கமாப் போச்சு. 'இவளுக்கு மார்க் கொறஞ்சதுக்கு ஊரே எந்திரிச்சு வந்திருக்கு, போங்க போங்க'ன்னு சொன்னாரு. அப்பதான் ஏன் முட்டைன்னு பாக்க நீங்க எழுதுனதத் தெறந்தேன்.

சத்தமா வாசிச்சேன். பொறகு ஜீவராணியக்கா, 'மார்க்கு போடுற டீச்சருக்கு நம்ம போஸ்டு சாஞ்சது எப்படித் தெரியும்?'னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன்னேன். எல்லாரும் திரும்பிப் போஸ்டப் பாத்தாங்க. ஒவ்வொரு நாளும் பாக்குற போஸ்டுதான். அப்பதான் பாக்குற மாதிரி பாத்தாங்க. வெளியில வந்து நின்னவங்க அப்படியே நடந்துட்டோம். பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு, போட்ட துணியோட.

பகல்ல மலை எறங்கிருச்சு. நாங்க சத்தம் மட்டுந்தான் கேட்டோம். கடைசிக் காம்பராவுல இருந்து எங்க காம்பரா வரைக்கும் ஒன்னும் இல்லன்னு சொல்றாங்க.

வீரய்யா மாமா எங்களோட வந்தாருங்க. ஸ்கூல் வாசல் வரைக்கும் வந்தாரு. 'மாட்ட அவுத்து விட்டுட்டு வந்துர்றேன், அது வாயில்லாதது'ன்னு திரும்பிப் போனாரு. இன்னும் தேடுறாங்க.

அவ்வளவுதான் டீச்சர். ரெண்டு நிமிசத்துக்கு மேல போயிருச்சு. மார்க்க வெட்டிராதீங்க."

இதோடு முடிகிறது. பின்னால் நிறையப் பிள்ளைகள் அழும் சத்தம். நான் எழுதி முடித்த பிறகு உம்மா வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு எழும்பிப் போய், எங்கள் வீட்டுப் பின்கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்திற்று.

ஸனூஸ் சேர் என்னை ஏசவில்லை, டீச்சர். "நீங்க செஞ்சது சரிதான். ஆனா நாளைக்கு இன்னொருத்தர் இதையே காட்டி, எனக்கும் தாங்கன்னு கேட்பாரே" என்றார்.

ஜுமானா


பதுளை
நவம்பர் 21

என் அன்பு மகள் ஜுமானா,

ஹல்துமுல்லைக்குப் போய் வந்தேன். இரண்டு நாள் படுத்துவிட்டேன், அதுதான் பதில் பிந்திவிட்டது.

பாடசாலை மண்டபத்தில் விசாரித்துத் தயானியைப் பார்த்தேன். குரலை வைத்து நான் உயரமான ஒரு பெண்ணை நினைத்திருந்தேன். என் தோளுக்கு வருவாள். மகன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நேசராணி டீச்சர் என்று சொன்னதும் காலைத் தொடக் குனிந்தாள். நான் பிடித்து நிறுத்தினேன். என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியாது.

ஏனென்றால், பக்கத்துப் பாயில் வீரய்யாவின் மகள் இருந்தாள். அன்று காலையில்தான் அவரை எடுத்திருந்தார்கள். மாட்டுத் தொழுவத்துக்குக் கீழே, கையில் கயிறு இருந்ததாம். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. மெதுவாகக் கேட்டாள்: "ஒரு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா மாட்டையும் ஓட்டிக்கிட்டே வந்திருப்பாருல்ல, டீச்சர்?"

ஏழாம் திகதி நான் பதினெட்டுப் போட்டேன். அதை அவளுக்குச் சொன்னேன். அவளுக்குப் புள்ளிக் கணக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு, மழைக்கு நனைஞ்சு வந்திருக்கீங்க, தேத்தண்ணி குடிங்க என்றாள்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விதி பிழை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். படிப்பை விட்ட அந்தப் பிள்ளையின் உம்மா அழுததும் உண்மைதான். ஸனூஸ் கேட்டதும் நியாயமான கேள்விதான். விசாரணையில் என் பெயரை முன்னால் போடுங்கள். எனக்கு வயது போய்விட்டது, என்னை நிறுத்தினால் ஒன்றும் குறையாது. உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள்.

தயானியின் பூச்சியம் அப்படியே இருக்கிறது. பூட்டிவிட்டார்களாம். திரும்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். கொஞ்சம் தயங்கினாள். "டீச்சர், அந்தக் கடைசிப் பதிவுக்கு எத்தன போடுவீங்க? சும்மா சொல்லுங்க" என்றாள். லயம் இல்லை, காம்பரா இல்லை, உடுத்த சேலை யாரோ கொடுத்தது. அவளுக்கு அது தெரிய வேண்டியிருக்கிறது. இவ்வளவு காலம் எத்தனை ஆயிரம் பேருக்கு இருபதுக்கு இத்தனை என்று போட்டிருப்பேன், அந்த நேரத்தில் ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. "வெட்ட ஒன்றும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் அதைப் புள்ளியாக எடுத்துக்கொண்டாளா தெரியாது. சிரித்தாள்.

இன்னும் மழை இருக்கிறது என்று வானொலியில் சொல்கிறார்கள். தூக்கமில்லை. உம்மாவின் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டை ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். இங்கே இல்லாவிட்டால் வேறு இடத்தில் கிடைக்கும். எங்கே போனாலும் முகம் தெரியாத யாரோ ஒருவரின் ஒப்படை உங்கள் முன்னால் வரும். அன்றைக்கு இதைச் செய்து பாருங்கள்: புள்ளிப் பெட்டியைத் தொடாமல், முதலில் ஒரு தடவை முழுவதையும் கேளுங்கள்.

நேசராணி